பாக்கெட்டில் நாலு வளையல்

கிணிங். பிறகு, டக்.

விமான விபத்துகளை விசாரிக்கும் தினகரன் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு பதிவை மறுபடி ஓட்டினான். நாற்பத்தோராவது முறை.

அந்தக் குட்டி விமானம் எழும்பிய எட்டாவது நொடியில் யாரோ இறக்கை மடல்களை உள்ளிழுக்கும் ஃப்ளாப் லீவரைத் தள்ளியிருந்தார்கள். இறக்கையின் தூக்கும் பலம் போய், விமானம் தொப்பென்று தரையில் விழுந்தது. நான்கு பயணிகளுக்கு எலும்பு முறிவு. லீவர் 'டக்'கென்று நகர்ந்த நொடியைக் கறுப்புப் பெட்டி பிசகில்லாமல் பதிந்திருந்தது. நகர்த்திய கையைப் பதியவில்லை. அதற்குக் காதுதான் உண்டு, கண் கிடையாது.

"நான்தான் தள்ளினேன்," என்று கேப்டன் நிகில் எழுதிக் கொடுத்துவிட்டான். லைசென்ஸ் காலி.

பக்கத்து சீட்டில் துணை விமானி ஹேமாவதி. நிகிலின் மனைவி. மூன்று வருடம் முன்பு, பீர்க்கன்கரணை மண்டபத்தில் நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் தினகரனை வேண்டாமென்றவள். இதைச் சொன்னால் கேஸ் கைமாறும். ஆபீசில் அவன் மூச்சு விடவில்லை.

கிணிங்.

கண்ணாடி வளையல்! விபத்தன்று காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் அக்காவுக்கு வளைகாப்பு. ஃபேஸ்புக்கில் பார்த்திருந்தான். வந்திருந்த பெண்கள் எல்லார் கையிலும் பச்சையும் சிவப்புமாக வளையல்.

ஆக, தள்ளியது அவள். பழியை ஏற்பது நிகில். பெரிய தியாகி! அவள் கண்ணில் இன்னும் ஓரடி உயரப் போகிறான்.

தினகரனுக்கு வயிறு எரிந்தது. 'லீவரைத் தள்ளியது துணை விமானியின் கை' என்று டைப் செய்தான். அவள் லைசென்ஸ் போனாலும் சரி, நிகிலின் தியாகம் பலிக்கக் கூடாது.

மேலதிகாரி பட்டாபிராமன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுடலாம் தினகரன்."

மறுநாள் ஹேமாவதி வந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி.

"அன்னிக்குக் கையில வளையல் போட்டிருந்தீங்களா?"

"இல்ல சார்."

அந்த 'சார்' சுருக்கென்று தைத்தது. "ரெக்கார்டர்ல சத்தம் கேக்குதே?"

"காக்பிட்ல கண்ணாடி வளையல் கூடாதுன்னு கழட்டிட்டேன். பைல போட்டா உடைஞ்சிடும்னு நிகில் நாலையும் வாங்கி சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். அவர் குனியறப்பல்லாம் கிணிகிணின்னுச்சு. நானே கிண்டல் பண்ணேன்." சட்டென்று நிறுத்தினாள். "ஏன் தினா? நான் தள்ளினேன்னு எழுதிட்டியா?"

பட்டாபிராமன் நிமிர்ந்தார். "தினாவா?"

அவர் ஹேமாவதி பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ பழக்கம்மா?"

"நிச்சயம் வரைக்கும் சார்."

அவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தினகரனின் வரியைக் குறுக்காக அடித்தார். "சத்தம் கேக்குது, சரி. அதுல யார் கைன்னு உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது? கேப்டன் உண்மையைத்தானே எழுதிக் குடுத்திருக்கான். நீங்க ரெண்டு நாள் லீவு போடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

நிகில் தியாகி இல்லை, தப்பு செய்தவன்தான். தினகரன் கேட்டதும் அதுதானே? சந்தோஷம்தான் வரவில்லை.

ஹெட்ஃபோனைச் சுருட்டி வைக்கும்போது காதுக்குள் மறுபடி கிணிங். அவள் கழற்றிக் கொடுத்த நாலு வளையல், நிகிலின் நெஞ்சோடு ஒட்டி.