தண்ணி நின்ன இடம்

எனக்குக் கோவம் வந்தா காது ரெண்டும் சூடாயிடும். அன்னிக்கு பலராமன் மேஸ்திரி எல்லார் முன்னாடியும் "யம்மா ஆதிலட்சுமி, நீ குடத்தப் பாரு, பாறையப் பாக்காத"ன்னு சொன்னப்ப, என் காதுல இட்லி ஊத்தி வெச்சிருந்தா வெந்திருக்கும்.

விஷயம் இதுதான். 2002ல நாங்க இருவது பேரு, கிரிவலம் சுத்துற சாமி மலையோட அடிவாரத்துக் காட்டுல மரம் வைக்கிற வேலையில இருந்தோம். நான் கீழ்பென்னாத்தூர்லருந்து முதல் பஸ்ஸப் புடிச்சு வருவேன். பொம்பளைங்க கன்னு வளக்கணும், தண்ணி சுமக்கணும். ஆம்பளைங்கள்ல எட்டு பேரு மலைக்குழு. மேல போயி கன்னு நடுறது அவங்க, வெயில் காலத்துல புல்லு தீப்புடிச்சா பச்சைத் தழையால அடிச்சு அணைக்கிறதும் அவங்க.

அதுக்கு முந்தின பங்குனியில தீ வந்துச்சு. பையில மண்ணு ரொப்பி, வெதை போட்டு, நான் பெத்த புள்ளையாட்டம் வளத்த முந்நூறு கன்னு மேல எரிஞ்சுது. "பொம்பளைங்க யாரும் மேல வராதீங்க"ன்னுட்டாங்க. நான் கீழ குடத்த வெச்சுக்கினு வேடிக்கை பாத்தேன். ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. அடுத்த தீ வர்றப்ப நான் மேல இருக்கணும், அவ்ளோதான் என் ஆசை.

மலைக்குழுவுல சேரணும்னா ஒரு பரீட்சை உண்டு. காட்டுக்குள்ள ஒரு பாறை செவுராட்டம் நிமிர்ந்து நிக்கும். ரெண்டாள் உசரத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கயிறு கெடையாது, ஏணி கெடையாது, கையும் காலும்தான். விழுந்தா அடிபடக் கூடாதுன்னு கீழ மல்லாட்டைத் தோல், அதான் வேர்க்கடலைத் தோலு, ரொப்பின சாக்குங்கள அடுக்கியிருப்பாங்க. மதியம் சாப்ட்டு முடிச்சதும் பசங்க அதுல ஏறி வெளையாடுவானுங்க. "மேல இந்த மாதிரி பாறைங்கதான் வழிய மறிச்சுக்கினு நிக்கும். மூணு சான்ஸ். ஏறுனவன் குழுவுல, ஏறாதவன் கீழ"ன்னு மேஸ்திரி சொல்லுவாரு. ஏறாதவ, ஏறுனவ பத்தியெல்லாம் அவரு யோசிச்சதே இல்ல. நானே போயி முன்னாடி நின்னேன். அப்பதான் அந்தக் குடத்துப் பேச்சு.

மலைக்குழுவுல இருந்த மூர்த்தி நல்ல பையன். "ஏறட்டுமே மேஸ்திரி, சாக்கு இருக்குதில்ல"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்புக்காகவே மேஸ்திரி சரின்னுட்டாரு.

வீட்டுக்காரரு சட்டைய மேல போட்டுக்கினு, சேலையத் தூக்கி இடுப்புல செருகிக்கினு ஏறுனேன். பாதி பாறை வரைக்கும் போனேன். அங்க ஒரு மேடு, வழவழன்னு. விரல வெச்சா நழுவுது. பொத்துனு சாக்கு மேல விழுந்தேன். மல்லாட்டைத் தோலு நொறுங்குற சத்தம் எனக்கு இன்னிக்கும் காதுல கேக்குது. ரெண்டாவது தடவையும் அதே மேடு, அதே பொத்து. "எட்டாது யம்மா, நீ குள்ளம்"ன்னாரு மேஸ்திரி. திட்டியிருந்தா கூட பரவால்ல, பாவப்பட்டாரு. அதான் எனக்கு ஆவல.

மூணாவது சான்ஸ் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டாங்க.

வியாழக்கிழமை காலையில அந்தப் பாறையோட பின்பக்கத்துச் சரிவு வழியா, உச்சியில இருந்த கன்னுங்களுக்குத் தண்ணி எடுத்துக்கினு போனேன். ராத்திரி பூரா யோசனை, தூக்கமில்ல. கல்லு தடுக்கி குடம் சாஞ்சிடுச்சு. ஒரு குடம் தண்ணியும் பாறையோட முன்பக்கம் வழிஞ்சு போச்சு. அய்யோன்னு தலையில அடிச்சுக்கினு, எவனாவது பாத்துட்டானான்னு கீழ எறங்கி வந்தேன்.

வந்தவ அப்படியே நின்னுட்டேன். வெயில்ல பாறை காஞ்சுக்கினே வருது. ஆனா அங்கங்க தண்ணி நிக்குது. வழுக்கிக்கினு இருக்குற இடத்துல தண்ணி நிக்காது. உள்வாங்கி, விளிம்பு வெச்சு இருக்குற இடத்துலதான் நிக்கும். தண்ணி நிக்கிற இடத்துல என் விரலும் நிக்கும்ல? ஒவ்வொன்னா பாத்தேன். இடது ஓரத்துல கீழ ஆரம்பிச்சு, வலது பக்கமா சாஞ்சு, உச்சி வரைக்கும் ஏழெட்டு குழி.

அட கடவுளே, நாங்க எல்லாரும் வலது ஓரத்துல ஆரம்பிச்சு இடது பக்கமா இல்ல போயிக்கினு இருந்தோம்! ஏன் தெரியுமா? இந்தப் பக்கம் பொறந்தவங்களுக்கு அது கால்லயே இருக்குது. மலையச் சுத்துனாலும் சரி, கோயிலச் சுத்துனாலும் சரி, சாமி வலது கைப்பக்கம் இருக்கணும். சாமியப் பாத்து நின்னா, வலம் போறவங்க இடது பக்கமாதான் நகரணும். அதே பழக்கத்துல பாறையிலயும் வலமாவே ஏறியிருக்கோம். கை நீளமா இருந்தவனுங்க எப்படியோ எட்டிப் புடிச்சுப் போயிட்டானுங்க. இந்தப் பக்கம் ஒரு வழி இருக்குதான்னு ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. நானும்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மொத்த கூட்டமும் வந்துடுச்சு. நான் நேரா இடது ஓரத்துக்குப் போயி நின்னேன். என்னோட தண்ணி சுமக்குற பாஞ்சாலை பதறிட்டா. "அடியே, இடமா போறியே, சாமி குத்தம் ஆயிடப் போவுதுடி!"

"சாமி மலைய நான் மாசாமாசம் பௌர்ணமிக்கு வலமாதான் சுத்துறேன். இது சாமி இல்ல, மேஸ்திரியோட பரீட்சை"ன்னேன்.

மூர்த்தி விசில் அடிச்சான். மேஸ்திரி சாக்குங்கள இடது ஓரத்துக்கு இழுத்துப் போட்டாரு.

முதல் குழி, விரல் உள்ள போச்சு. ரெண்டாவது, கட்டை விரலு கூட புடிச்சுது. வெறுங்கால பாறையில அழுத்தி வெச்சேன். முட்டி தேஞ்சு எரியுது, எரியட்டும். நடுவுல என்னை ரெண்டு தடவை கீழ தள்ளுன அந்த மேடு வந்துச்சு. இந்தப் பக்கத்துலருந்து கைய வெச்சா, குடத்தோட கழுத்தாட்டம் விளிம்பு உள்ள மடங்கியிருக்குது. குடத்தோட கழுத்தப் புடிக்க எனக்கா தெரியாது? இருவது வருஷமா வேற இன்னா புடிச்சேன்! தொங்குனேன். ஒரு கை விட்டேன்.

அடுத்த குழி. அதுக்கடுத்தது. உச்சி விளிம்புல ரெண்டு கையையும் போட்டு, வயித்தத் தேய்ச்சு, ஒரு கால மேல வீசுனேன். சேலை டர்ருனு கிழிஞ்சுது. கிழிஞ்சா இன்னா, நான் மேல.

எழுந்து நின்னு கீழ பாத்தேன். பாஞ்சாலை அழுதுக்கினே கை தட்டுறா. மூர்த்தி "அக்கா! அக்கா!"ன்னு குதிக்கிறான். மேஸ்திரி துண்டால கழுத்தத் தொடைச்சுக்கினு, "சரி சரி, பாத்து எறங்கி வா"ன்னாரு.

"எறங்க மாட்டேன். குழுவுல சேத்தாச்சுன்னு சொல்லுங்க."

"அதான் ஏறிட்டியே யம்மா..."

"வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

"சேத்தாச்சு!"

"கேக்கல!"

"மலைக்குழுவுல ஆதிலட்சுமிய சேத்தாச்சும்மா, போதுமா!" அவரு கத்துன கத்துல காட்டுல இருந்த கொரங்குங்க எல்லாம் ஓடிப்போச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம், எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. பாறை மேலயே குந்திக்கினு சிரிச்சேன்.

அடுத்து வந்த பங்குனியிலயும் தீ வந்துச்சு. உச்சி வெயிலு நேரம், மேற்காலப் புல்லு பத்திக்கினு கன்னுங்கள நோக்கி ஏறுது. நடுவுல ஒரு பாறை. மத்தவங்க தழைக்கட்டோட ஏற முடியாதுன்னு சுத்து வழியில ஓடுனாங்க. நானும் மூர்த்தியும் பச்சைத் தழைய முதுகுல கட்டிக்கினு நேரா ஏறுனோம். அவங்க வந்து சேர்றதுக்குள்ள முன்வரிசைத் தீய அடிச்சு நிறுத்திட்டோம்.

சாயங்காலம் பொகை அடங்குனதும் கன்னு வரிசையில நடந்து போனேன். இலையெல்லாம் கரி படிஞ்சிருந்துச்சு, ஆனா ஒன்னு விடாம நின்னுக்கினு இருந்துச்சு. ஓன்னு கத்துனேன். கீழ நின்னவங்க நான் அழுவுறேன்னு நெனச்சாங்களாம். அட போங்கப்பா, நான் சிரிச்சேன்.