கிணற்றடியிலிருந்து சமையல்கட்டு வரை

மாப்பிள்ளை வீட்டாரான மாளெயண்ட குடும்பத்தின் கிணற்றடியிலிருந்து சமையல்கட்டு வாசலுக்குச் சரியாக அறுபத்திரண்டு அடி. தேச்சம்மா மூன்று தடவை நடந்து அளந்திருந்தாள். தலையில் நிறைகுடத்தோடு ஒரு பெண் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்துக்குத் தன் நேரப் பட்டியலில் அரை மணி ஒதுக்கியிருந்தாள். கல்யாண ஏற்பாடு சொல்லித்தரும் மைசூர்ப் பயிற்சி நிலையத்தில் அதைப் பார்த்தவர்கள், எதற்கு இவ்வளவு தாராளம் என்று கேட்டார்கள். குடகில், விராஜ்பேட்டைப் பக்கம் யாரிடமாவது காட்டியிருந்தால், அரை மணி போதுமா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

காரணம் இதுதான். குடகுக் கல்யாணத்தில் புதுப்பெண் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுக்குப் பூஜை செய்து, தண்ணீர் இறைத்து, குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போக வேண்டும். போக விட்டால்தானே! மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வழியை மறித்துக்கொண்டு ஆடுவார்கள். கொட்டும் குழலும் முழங்கும். அவர்கள் விலகினால் ஓர் அடி வைக்கலாம், விலகாவிட்டால் நிற்க வேண்டும். குடத்தை இறக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. பெண்ணின் பொறுமைக்குப் பரீட்சை என்று சொல்வார்கள். ஆனால் பரீட்சை என்பதெல்லாம் மேலுக்குத்தான். மறுநாள் பெண்ணைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் மறிச்சாங்க?" என்பதுதான். முத்தக்கியின் அம்மா தன்னை ஒன்றரை மணி நேரம் மறித்த பெருமையை முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி இன்னும் ஓயவில்லை.

முத்தக்கிதான் கல்யாணப் பெண். தேச்சம்மாவின் பள்ளித்தோழி. ஒன்பது மாதப் படிப்பின் கடைசியில் நிஜமான ஒரு கல்யாணத்தைத் தனியாக நடத்திக்காட்ட வேண்டும் என்று பயிற்சி நிலையம் சொன்னபோது, யாரும் தேச்சம்மாவை நம்பித் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தரவில்லை. முத்தக்கிதான் தன் கல்யாணத்தையே தூக்கிக் கொடுத்தாள்.

தேச்சம்மாவின் அப்பாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "கல்யாண வீட்ல ஓடியாடுறதுக்கு ஒரு படிப்பா? நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுக்காரன் சும்மாவே ஓடுவானேடி!" என்று கேலி செய்வார். ஆனால் பெங்களூரில் ஒரு நிறுவனம், தேறிவிட்டால் அடுத்த மாதம் முதல் தேதியே வேலைக்கு வா என்று கடிதம் அனுப்பியதும் அவர் கேலி கொஞ்சம் குறைந்தது. தேறுவதற்கு நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் வேண்டும். சாப்பாடு, உபசரிப்பு, சுத்தம், பந்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுபது. நேரத்துக்கு மட்டும் நாற்பது. பட்டியலில் ஏதாவது ஒன்று கால் மணிக்கு மேல் பிந்தினால் அந்த நாற்பதும் அப்படியே போய்விடும்.

மற்ற எதுவும் அவளைப் பயமுறுத்தவில்லை. அந்த அறுபத்திரண்டு அடிதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா நாணய்யாவைப் போய்ப் பார்த்தாள். ஆட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"மாமா, அரை மணியில வழி விட்டுருவீங்களா?"

"அரை மணியா? எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணா, இல்ல தபால்காரனா?"

"மாமா, என் பரீட்சை இதுலதான் இருக்கு. பிந்துனா நான் தேற மாட்டேன். வேலையும் போயிடும்."

நாணய்யா தன் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி. நாலு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு விலகிடுவோம். வாக்கு."

குடகில் ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படி ஒரு வாக்குக் கொடுப்பார்கள். அதை யாரும் காப்பாற்றியது கிடையாது, காப்பாற்றுவார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதும் கிடையாது. தேச்சம்மாவின் பொல்லாத நேரம், அவள் வாக்கு வாங்கியது இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்த சுபேதாரிடம்.

கல்யாணத்தன்று எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. மதியச் சாப்பாட்டில் பன்றிக்கறியும் கடம்புட்டு என்ற அரிசி உருண்டையும் கடைசிப் பந்தி வரை சூடாக இருந்தன. பெங்களூர் விருந்தாளிகளின் கார்கள் காபித் தோட்டத்து ஓரமாக ஒழுங்காக நின்றன. தேர்வு அதிகாரி ஷாலெட் மேடம் மங்களூர்க்காரர். கையில் கடிகாரமும் சிவப்புப் பேனாவுமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குப் புல்தரையில் வரவேற்பு. இடையில் இருந்தது கிணறு மட்டும்தான்.

நாலு மணிக்கு முத்தக்கி குடத்தைத் தலையில் ஏற்றினாள். சிவப்புப் பட்டு, தலைத்துணி, கை நிறைய வளையல். இரண்டு மாதமாகத் தினமும் தோட்டத்தைச் சுற்றித் தண்ணீர்க் குடத்தோடு நடந்து கழுத்தைப் பழக்கியிருந்தாள். "மூணு மணி நேரம் நிறுத்தட்டும்டி, நான் அசைய மாட்டேன்" என்று தேச்சம்மாவிடம் சவால் விட்டிருந்தாள்.

கொட்டு முழங்கியது. நாணய்யாவும் தம்பிமார்களும் கறுப்பு அங்கியில் வரிசை கட்டி ஆடினார்கள். பின்னால் பெண்கள் ஆடினார்கள். மாப்பிள்ளையின் அத்தை போஜம்மா கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, "வா பாப்போம், வா பாப்போம்!" என்று முத்தக்கியின் மூக்குக்கு நேரே ஆடினாள். முத்தக்கி ஓரடி வைத்தாள். நின்றாள். உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணால் சிரித்தாள்.

நாலு இருபத்தெட்டுக்கு நாணய்யா மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். கொட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்த நாற்பது பேரும் அணிவகுப்பில் நிற்பது போல இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். முத்தக்கிக்கும் சமையல்கட்டு வாசலுக்கும் நடுவில் பத்தடி வெறும் தரை கிடந்தது.

"வெரி குட்" என்றார் ஷாலெட் மேடம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

முத்தக்கி நகரவில்லை. வாக்கு வாங்கிய கதை தெரியாததால் முதலில் அவளுக்குப் புரியவில்லை. யாராவது பாய்ந்து வந்து மறிப்பார்கள் என்று இடமும் வலமும் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவள் வாய் திறக்கக் கூடாது, அதனால் கேட்கவும் முடியவில்லை. குடத்திலிருந்து சிந்திய நீர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கண்ணிலிருந்தும் வழியத் தொடங்கியது.

பெண் வீட்டுக்காரர்கள் பக்கம் ஒரு கிழவியின் குரல் கேட்டது. "இவ்வளவுதானா? நம்ம பொண்ணை மறிக்கக்கூட மனசில்லையா இவங்களுக்கு?"

முத்தக்கியின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தேச்சம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. நேரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று, தனக்குக் கல்யாணத்தையே தூக்கிக் கொடுத்தவளை ஊர் முன்னால் வேண்டாத மருமகளாக நிறுத்திவிட்டாள். இன்னும் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் முத்தக்கி உள்ளே போய்க் குடத்தை இறக்கிவிடுவாள். நாற்பதும் கைக்கு வந்துவிடும். பெங்களூரும் வந்துவிடும். இதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் நாணய்யாவிடம் ஓடினாள்.

"மாமா, மறுபடி ஆடுங்க."

"நாலரைன்னு வாக்குக் கொடுத்தேனே?"

"நான் கேட்டு வாங்கினது தப்பு. உங்க வாக்கை உங்களுக்கே திருப்பித் தந்துட்டேன். ஆடுங்க மாமா, அவ அழறா!"

"உன் பரீட்சை?"

"அது என் பாடு."

நாணய்யா முத்தக்கியைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "அடடா, மருமகளை அழ வச்சிட்டமே" என்று சொல்லிக்கொண்டே அங்கியை இழுத்து விட்டுக்கொண்டார். விசில் இந்தத் தடவை காதைப் பிளந்தது. "டேய், யாரைக் கேட்டுடா நின்னீங்க? மறிங்கடா!"

அதுவரை கட்டிப் போட்டது போல நின்ற கூட்டம் மடை திறந்த மாதிரி பாய்ந்தது. போஜம்மா அத்தை எல்லோரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்த சுபேதாருக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தவன் நாசமாப் போக! என் மருமகளை நான் மறிக்காம யாருடி மறிப்பா?" என்று ஆடிக்கொண்டே திட்டினாள். முத்தக்கியின் முகத்தில் அழுகை இருந்த இடம் தெரியவில்லை. கழுத்தை நிமிர்த்தி, காலை ஊன்றி நின்றாள்.

அந்தப் பத்தடியைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து மணி வரவேற்புக்குக் கோட்டு சூட்டோடு வந்த பெங்களூர்க்காரர்கள் கோட்டைக் கழற்றிக் காபிச் செடிமேல் போட்டுவிட்டு உள்ளே புகுந்து ஆடினார்கள். தேச்சம்மா சும்மா இருக்கவில்லை. வரவேற்புக்கு வைத்திருந்த பலகாரத்தைக் கிணற்றடிக்கே கொண்டுவரச் செய்தாள், கொட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நனைந்த தரையில் யாரும் வழுக்காமலிருக்க உமி தூவச் சொன்னாள். ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு முத்தக்கி வாசல்படியைத் தாண்டிக் குடத்தை இறக்கினாள். ஆரவாரத்தில் பலாமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின.

ஷாலெட் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"மறுபடி தொடங்கச் சொன்னது யாரு?"

நாணய்யா முந்திக்கொண்டார். "நாங்கதான் மேடம். குடகுக்காரங்களுக்குச் சொன்ன பேச்சு கேக்குற பழக்கம் கிடையாது. அப்படியே எழுதிக்குங்க."

"இல்ல மேடம். நான்தான் சொன்னேன்" என்றாள் தேச்சம்மா.

மேடம் அவளுடைய நேரப் பட்டியலை வாங்கி, அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். 'தொடக்கம் 4.00, முடிவு 6.03, தாமதம் 93 நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் குறிப்பேட்டில் நேரத்துக்குச் சுழியம் போட்டார். மற்ற அறுபதுக்கு நாற்பத்தெட்டு.

"இதுவரைக்கும் யாருக்கும் நான் நாற்பத்தெட்டு போட்டதில்ல" என்றார் மேடம். "ஆனா அம்பதுக்கு ரெண்டு குறையுது. நாலு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம்."

பெங்களூர்க்காரர்கள் நாலு மாதம் காத்திருக்க மாட்டார்கள். தேச்சம்மா காபி உலர்த்தும் களத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள். செய்ததற்கு வருத்தம் இல்லை. ஆனாலும் ஒன்பது மாதம், ஒன்பது மாதம் என்று மனசு அடித்துக்கொண்டது.

வளையல் சத்தம் கேட்டது. முத்தக்கி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். தேச்சம்மா அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயா இருக்க? எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கடி. ஒருத்தர் ஒன்றரை மணிங்குறார், ஒருத்தர் ரெண்டுங்குறார். உன்கிட்டதானே கடிகாரம் இருந்துச்சு. சரியாச் சொல்லு, எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி மூணு நிமிஷம்."

"அம்மாவை ஜெயிச்சிட்டேன்!" முத்தக்கி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆனா அம்மா நம்ப மாட்டாங்க. எழுதிக் குடு."

தேச்சம்மா மடியிலிருந்த பட்டியலை நீட்டினாள். முத்தக்கி சிவப்பு வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கே! யாருடி போட்டது?"

"மேடம். நீ நின்ன நேரத்துக்குச் சாட்சி."

முத்தக்கி காகிதத்தை நாலாக மடித்து, பத்திரமாகப் பட்டுச் சேலை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"கேக்க மறந்துட்டேன் பாரு. பாஸ்தானே?"

"பாஸ்தான். போய் உங்க அம்மாகிட்ட காட்டு" என்றாள் தேச்சம்மா.