கேரிக்குப் பிடிக்காத ஹெல்மெட்

செப்டம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் கேரியின் ஆட்சி. கேரி ஒரு மேக்பை, காக்கை அளவுள்ள கறுப்பு வெள்ளைப் பறவை. கூட்டில் குஞ்சு இருக்கும் ஆறு வாரமும் சைக்கிளில் போகிறவர்களைத் துரத்தித் துரத்திக் கொத்தும். எனக்கோ வேறு வழி கிடையாது. ஊர் வழக்கப்படி ஹெல்மெட்டில் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் வார்களை முள்ளாகச் செருகினேன். பின்பக்கம் இரண்டு கண் வரைந்தேன். அந்தக் கண்ணையே கொத்தியது. கடுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனேன். கேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கான்ஸ்டபிள் லாக்லன் பார்த்துவிட்டான்.

"ஹாக்லி அம்மா, ரெண்டு தடவை கண்டும் காணாம விட்டேன். ஹெல்மெட் இல்லாம சைக்கிள் ஓட்டுறது குற்றம். இனி அபராதம் எழுதினா பள்ளிக்கூட வேலை போயிடும்."

பள்ளி வாசலில் 'நில்' பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்தும் வேலை. பதினெட்டு வருடமாக மரம் ஏற்றிய லாரிகளை ஒற்றைக் கையால் நிறுத்துகிறேன். அதை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

"உன்னையும் நான்தான்டா கடத்திவிட்டேன். இந்த ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வா. கேரி சும்மா இருந்தா, சாகுற வரைக்கும் நான் கழட்டல."

"ஒரு பறவைக்காகச் சட்டத்தை மாத்துவாங்களா?" என்று என் சைக்கிளில் கிளம்பியவன், காதில் ரத்தத்தோடு அதைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

மேக்பை ஒரு முகத்தைப் பார்த்தால் வருடக்கணக்கில் மறக்காது. உள்ளூர்க்காரனுக்கு அது தெரியும். ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாது என்று நினைத்துவிட்டான், மடையன். அன்றிலிருந்து கேரி எங்கள் தெருவோடு நிற்காமல் காவல் நிலைய வாசலிலும் போய்க் காத்திருந்தது. பாதுகாக்கப்பட்ட பறவை, கல்லெறிந்தால் குற்றம். லாக்லன் குடைக்குள் ஒளிந்து ரோந்து போனான், எங்கள் தெருவைத் தவிர. நான் வெறுந்தலையோடு மகாராணியாய்ப் போய்வந்தேன்.

வெள்ளிக்கிழமை பலகையைத் தூக்கினேன். எதிரே ஏழு சைக்கிள். ஏழு பிள்ளைகளின் ஹெல்மெட்டும் கைப்பிடியில் தொங்கியது. பெருமூச்சு விட்டு நின்ற லாரியின் முகப்பு, கடைசியாக வந்த டாலியாவின் தலை உயரத்துக்குச் சரியாக இருந்தது.

"ஏன்டி கழட்டின?"

"நீங்களே போடலையே."

பலகையைத் தாழ்த்தாமல் ஏழு பேரையும் கடத்திவிட்டேன்.

திங்கட்கிழமை ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கேரி காதில் ஒன்று, கழுத்தில் இரண்டு வைத்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் என் சட்டைக் காலரில் இருந்த ரத்தத்தை வாய் திறந்து பார்த்தார்கள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள் டாலியா.

"உயிர் போகுது. நீ முதல்ல கைப்பிடியில தொங்குற ஹெல்மெட்டை எடுத்து மாட்டு."