பத்து வரை எண்ண வேண்டிய வீடு

வார்சாவின் வில்ச்சா தெருவில், மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீடு பத்திரப்படி அறுபத்திரண்டு சதுர மீட்டர். ஸெலினா இறந்து ஆறு வருடம் ஆனபோது, அவள் கணவர் போகுமில் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் பிடித்தது. நடையில் குறையில்லை, முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்த கால்கள். வீடுதான் நீண்டுகொண்டே போனது. முதல் வருடம் நடைவழி ஒரு கை நீளம் கூடியது. நான்காம் வருடம் பாதி வழியில் உட்கார ஒரு நாற்காலி போட்டார். ஆறாம் வருடம் கோட்டுப் பையில் ரொட்டியும் கையில் பிளாஸ்க்குமாகத்தான் குளியலறைக்கே கிளம்பினார். கீழே டிராம் மணியும், பியரோகி கொழுக்கட்டைக் கடை வாசலில் வரிசையில் நிற்பவர்களின் சச்சரவும் நாளெல்லாம் கேட்கும். அது ஜன்னலிலிருந்து அவர் காதுக்கு வந்து சேர்வதற்குள் பழைய செய்தியாகிவிடும்.

யாராவது உள்ளே வந்து நாலு வார்த்தை பேசினால் வீடு சட்டென்று அறுபத்திரண்டுக்குச் சுருங்கிவிடும், அவர்கள் போனதும் மறுபடி நீளும். அதனால் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இப்படியே போனால் ஒருநாள் வாசல்கதவை எட்ட முடியாமல் நடுவழியில் விழுந்து கிடப்போம் என்று பயந்து, வீட்டை விற்றுவிட்டுப் பொஸ்னானில் இருக்கும் மகளோடு போய்ச் சேர முடிவு செய்தார். மகளும் "வாங்கப்பா, வசந்தம் வரட்டும்" என்றுதான் சொன்னாள். அப்படி மூன்று வசந்தம் வந்து போயிருந்தது.

தரகு இவோனா கையில் வந்தது. ஊரே தரைமட்டமான போரில் தப்பி நின்ற கட்டடம் என்றால் விலையே தனி. சுவரில் இருக்கும் துப்பாக்கிக் குண்டுத் துளையைக்கூட அலங்காரம் என்று சொல்லி விற்கத் தெரிந்தவள். டேப்பை வைத்து அளந்தாள், அறுபத்திரண்டு.

"நீளுதுன்னு சொல்றீங்க. அப்போ என் டேப்பு பொய் சொல்லுதா ஐயா?"

"நீங்க வந்ததால சுருங்கிடுச்சும்மா."

"என்னைப் பாத்துச் சுருங்கினது உங்க வீடு மட்டும் இல்ல. எனக்கு வாய்ச்ச ரெண்டு புருஷனும் அப்படித்தான்."

வாங்க வந்தவர்கள் எந்தச் சுவரை இடிக்கலாம் என்று பேசினார்கள், லிஃப்ட் இல்லையே என்று முகம் சுளித்தார்கள், போனார்கள். அப்புறம் மணி அடித்தவர்களில் பாதிப்பேர், அவர் கதவை எட்டுவதற்குள் கீழே இறங்கிவிட்டார்கள்.

நவம்பரில் வந்தவள் மட்டும் கதவு திறக்கும்வரை ஐம்பது நிமிடம் நின்றாள். பெயர் ரெகினா, ஐம்பத்தெட்டு வயது, டிராம் ஓட்டுகிறவள், தனி ஆள். தாமதம் அவளுக்குப் புதிதில்லை. அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே வந்தாள், வீடும் சுருங்கவில்லை. இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து நாற்காலி வரை வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"பத்திரத்துல எவ்ளோ?"

"அறுபத்திரண்டு."

"என்னுது இருபத்தெட்டு. கட்டில்லேர்ந்து அடுப்புக்கு டிராம் விடலாம். இங்க ஜன்னலைத் திறந்தா சத்தமாவது கேக்குமில்ல?"

சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டாள். பேரம் பேசாதவர்களை இவோனா நம்புவதில்லை, பத்திரத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள், ஆனாலும் கையெழுத்து நடந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு தெருவரை இறங்கிய போகுமில், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டது நினைவு வந்து திரும்ப ஏறினார்.

கிளம்பினவர் மறந்ததை எடுக்க வீட்டுக்குள் திரும்பி வந்தால், உட்கார்ந்து பத்து வரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி வெளியேற வேண்டும். இல்லையென்றால் போகிற காரியம் விளங்காது. அந்த ஊரில் நாத்திகனும் இதை மீறுவதில்லை. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போகுமில் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வரை வந்தது.

"இந்த அடுப்பு எப்படிப் பத்துது?" என்று சமையலறையிலிருந்து ரெகினா கத்தினாள்.

"எண்ணிக்கிட்டிருக்கேன்ல!"

"முதல்லேர்ந்து எண்ணுங்க. பொஸ்னான் எங்கயும் ஓடிப் போயிடாது."

இரண்டாம் தடவை ஏழில், ஜன்னல் ஏன் சாத்த மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். அதைத் தூக்கி, முழங்கையால் ஒரு இடி இடித்துச் சாத்த வேண்டும், சொன்னால் புரியாது. எழுந்து போய்ச் சாத்திக் காட்டிவிட்டு வந்தார். திரும்பும்போது நாற்காலி நாலு அடி தூரத்தில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ரெகினா போட்டுக் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் பொஸ்னான் ரயில் போய்விட்டது. மகளைக் கூப்பிட்டு, வசந்தத்தில் வருகிறேன் என்றார்.  "சரிப்பா" என்றாள். அவள் குரல் லேசாகியிருந்தது அவருக்குக் கேட்டது.

ஆளைக் காலி செய்யாமல் வீட்டை விற்றது இவோனாவுக்கு அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஆகிவிட்டது. வீடு அறுபத்திரண்டு. சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால் நடைவழி கொஞ்சம் நீளும். அதற்காக பிளாஸ்க் இன்னும் ஆணியில் தொங்குகிறது. தினம் காலை காப்பி குடித்ததும் போகுமில் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து தொடங்குகிறார். எட்டு வரும்போது சமையலறையில் ரெகினா கையிலிருந்து ஒரு கரண்டி விழுகிறது.