அப்பன் பாட்டு

“மெதுவா கால வை பெரிப்பா,” என்று திண்டிவனம் மைதானத்து வாசலில் கீழே நின்று இரண்டு கைகளையும் நீட்டினான் பக்கத்து வீட்டுக் கண்ணையன். அவனுடைய குட்டியானை வண்டிக்குள் மண்டியிட்டிருந்த ஆரோக்கியசெல்வி, அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். சொந்த ஊர் காணையில் கரும்புக் கட்டைத் தனியாளாகத் தலைக்கு ஏற்றிய சகாயராஜ், மகளின் ஒரு கைக்கே எழும்பி வந்தார்.

நுரையீரல் இனித் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான். திண்டிவனத்தில் அலெக்ஸ் பாடுகிறான், கூட்டிப் போ. கஞ்சி வேண்டாம் என்றார், மாத்திரை வேண்டாம் என்றார். சரி என்று அவள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

மகன் பாடுகிற இடத்துக்கெல்லாம் அவர் போயிருக்கிறார். விழுப்புரத்தில், அனந்தபுரத்தில், ஒருமுறை பாண்டிச்சேரியில். எங்கேயும் மேடைப்பக்கம் போனதில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துவிட்டு பஸ் பிடித்து வருவார். எவ்வளவு ஜனம் தெரியுமா என்று மறுநாள் முழுக்கச் செல்வியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அலெக்ஸ் வீட்டுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் செல்வி. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

“அவனுக்கு ஒரு போன் போட்டா முன்னாடியே சேர் போடுவான்பா.”

“வேணாம் புள்ள. மேல ஏர்ற நேரத்துல என் நெலமயப் பாத்தான்னா கொரல் வராது அவனுக்கு.”

மைதானத்து ஓரத்தில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தன் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். முனியம்மாள் என்று பேர் சொன்னாள். கண்ணையன் வண்டியை ரோட்டோரம் நிறுத்தப் போனான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்வி அவர் முதுகுக்குத் தன் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றாள்.

வெயில் இறங்கியதும் அலெக்ஸ் மேடைக்கு வந்தான். மைதானம் ஒரே சத்தமாக எழுந்தது. பெரிய திரையில் அவன் முகம், கன்னம், கழுத்தெல்லாம் மினுமினுத்தது.

“பாத்தியா? எம்மாஞ் ஜனம்!” என்றார் அப்பா. அதற்கே இளைப்பு வந்து வெகுநேரம் இருமினார்.

செல்விக்கு வேறு கவலை. அந்தப் பாட்டு வருவதற்குள் அவரைக் கிளப்பிவிட வேண்டும். அலெக்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். செத்துப்போன அப்பனை நினைத்து மகன் அழுகிற பாட்டு. உங்கள் அப்பாவா என்று ஒரு பேட்டியில் கேட்டபோது அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து ஊருலகம் அப்படியே நம்பியது. அந்தப் பாட்டை வீட்டில் ஒலிக்கவிடாமல் இத்தனை நாள் காத்து வந்திருந்தாள்.

“போதும்பா, கெளம்பலாம். பனி எறங்குது.”

“இரு புள்ள. அந்தப் பாட்டு இன்னும் பாடல.”

“எந்தப் பாட்டு?”

அப்பா பதில் சொல்வதற்குள் மேடையில் விளக்குகள் அணைந்து, ஒற்றை மேளம் மெல்லத் தொடங்கியது. ஆயிரம் செல்போன்கள் வெளிச்சத்தோடு மேலே எழுந்தன.

*கரும்பு வெட்டுன கையி ரெண்டும் காடு போயிச் சேந்திடுச்சே…*

முனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாவம் அந்தப் புள்ள. அப்பன் செத்தப்ப பாடுனதாம்.”

“நான்தாம்மா அந்த அப்பன்,” என்றார் சகாயராஜ்.

அவள் சிரிக்கவும் முடியாமல் செல்வியைப் பார்த்தாள். அவர் தலையைப் பின்னால் அசைத்துக் காட்டினார். “இது அலெக்ஸோட அக்கா.”

செல்வி குனிந்து அவர் காதருகே கேட்டாள். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சலூன்ல போட்டான். எப்பவோ கேட்டுட்டேன்.”

“கோவம் வர்லியாப்பா? உசுரோட இருக்கசொல்ல…”

“எதுக்குக் கோவம்? இம்மாஞ் ஜனமும் எனக்குத்தான அழுவுது.”

சொல்லிவிட்டுக் கைதட்டினார். சத்தமே வராத கைதட்டல். பிறகு இரண்டு கைகளும் மடியில் வந்து கிடந்தன. அவர் முதுகின் பாரம் கொஞ்சங்கொஞ்சமாகத் தன்மேல் சாய்வதைச் செல்வி உணர்ந்தாள். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். குனிந்தபோது மூச்சு இல்லை. பாட்டு இன்னும் முடியவில்லை.

அவரை முனியம்மாளின் தோளில் சாய்த்துவிட்டு மேடைக்குப் போகும் தடுப்புவரை முட்டி மோதிப் போனாள். அங்கே நின்ற ஆளிடம், “அலெக்ஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும், நான் அவுங்க அக்கா,” என்றாள்.

“எல்லாரும் அக்காதாம்மா. செல்ஃபியெல்லாம் கச்சேரி முடிஞ்சப்புறம். பேஜாரு பண்ணாத, ஜல்தி நகரு.”

நகர்ந்தாள். திரும்பி வந்தபோது கண்ணையன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். முனியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “நெசமாவே இவருதானா?” செல்வி தலையை மட்டும் அசைத்தாள். கண்ணையன் வண்டியை விக்கிரவாண்டி வழியாக ஊருக்குத் திருப்பினான். அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது.

கண்ணையன் போனில் தகவல் சொல்லி, விடிவதற்குள் அலெக்ஸ் காணைக்கு வந்துவிட்டான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சவப்பெட்டியின் அருகே மண்டிபோட்டான். அவனைப் பார்க்கப் பையன்கள் பைக்கில் வந்தபடி இருந்தார்கள். ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டே, “யாருண்ணா இவரு? பெரியப்பாவா?” என்று கேட்டான்.

அலெக்ஸ் செல்வியைப் பார்த்தான். அவள் மெழுகுவத்தியை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றான்.

“அப்பாவா? அப்ப அந்தப் பாட்டு…” பையன் போனைக் கீழே இறக்கினான். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்லறையிலிருந்து வந்த பிறகு எல்லாரும் கலைந்து போனார்கள். அலெக்ஸ் கொல்லையில் தொட்டி ஓரமாகக் குந்தியிருந்தான். நகக்கண்ணெல்லாம் மண். செல்வி சொம்பை எடுத்துவந்து அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

“அக்கா. நேத்து அந்தப் பாட்டுக்கு… இருந்தாராக்கா?”

“இருந்தாரு.”

“எதுனா சொன்னாரா?”

இன்னொரு சொம்பு ஊற்றினாள். “கை தட்டுனாரு,” என்றாள்.

“பாட்டு முடியறவரைக்கும் இருந்தாரா?”

அவள் அவன் தலையைக் குனியவைத்தாள். நேற்று மேடைக்குப் பூசிய ஜிகினாத்தூள் பிடரியிலும் காது மடலிலும் அப்பியிருந்தது. சின்ன வயதில் அழுக்குத் தேய்த்ததுபோலக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சொம்பை மறுபடி தொட்டிக்குள் முக்கினாள்.