ஏணிக்கூலி

கொடியில் ஒரு மிளகு மணிகூட பாக்கியில்லை. ஆனாலும் ஐயாக்கண்ணு சில்வர் ஓக் மரத்தை விட்டு இறங்கவில்லை. ஒற்றை மூங்கில் ஏணியின் மேல்கணுவில் கட்டைவிரலை ஊன்றி, இடது கையால் மரத்தை அணைத்துக்கொண்டு, பறித்து முடித்த கொடியையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான். கீழே குடையை விரித்துப் பிடித்தபடி நர்ஸ் ஆரோக்கியசெல்வி நின்றிருந்தாள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஏணியின் அடியைப் பிடித்திருந்த பொன்னுவேலுக்குக் கை கடுத்துவிட்டது. "ஏம்ப்பா, மேலயே குடித்தனம் பண்ணப் போறயா? சிஸ்டரு எத்தன நேரமா நிக்கறாங்க."

"இன்னும் நாலு கொத்து இருக்குதப்பா."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. மத்தியானச் சோறும் கொண்டாந்திருக்கேன்" என்றாள் நர்ஸ்.

மரத்தில் எத்தனை நேரம்தான் தொங்குவது? ஐயாக்கண்ணு இறங்கினான். பொன்னுவேல் மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போகும்வரை நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. அந்த மரியாதை அவளிடம் இருந்தது.

"குப்பாயிக்கு டாக்டரு சொன்னத மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கிற சங்கதியா அது? போன மழைக்காலத்தில் அவன் மனைவி குப்பாயிக்கு நாலாவது பிரசவம். பிள்ளை தங்கவில்லை. ரத்தம் நிற்காமல் போக, எஸ்டேட் ஜீப்பில் மலையிறங்கும்போது, வளைவுக்கு வளைவு அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லையாம். இன்னொரு பிரசவம் ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யலாமென்றால் மயக்க மருந்து கொடுக்கவும் பயமாயிருக்கிறது என்றார் டாக்டர். "நீ பண்ணிக்கோப்பா" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் தலையாட்டினான். அன்று தலையாட்டியதோடு சரி.

"எனக்கு ஆபரேசன்னா பயமெல்லாம் இல்லீங்க சிஸ்டரு" என்றான். "அதுக்கப்புறம் கால்ல புடிப்பு இருக்காதுங்களே."

"காலுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? நர்சரிக்குத் தண்ணி போற ரப்பர் ஓஸை மடக்கிக் கட்டினா மோட்டாரா கெட்டுப்போகும்? விதை வர்ற குழாயை ரெண்டு பக்கமும் கட்டிவிடறதுதான். ஆம்பளைத்தனம் எங்கயும் போகாது. பலம் போகாது. மரத்துப்போறதுக்கு ஊசி, அரை மணி நேர வேலை, சாயங்காலம் நடந்தே ஊட்டுக்குப் போயிரலாம்."

"சின்னன் விழுந்தானுங்களே."

இதைச் சொன்னால் மலையில் யாரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எமர்ஜென்சி சமயத்தில் ஏற்காட்டு ஒண்டிக்கடையிலிருந்து இந்த ஆபரேஷனுக்காக லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது சின்னனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாசமே ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது ஒண்டிக்கடையில் பஸ் நிற்கிற இடத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறான். அன்றிலிருந்து எஸ்டேட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது: ஆபரேஷன் செய்துகொண்டவனை ஏணியில் ஏற்றுவதில்லை. பெண்களோடு களை பறிக்கலாம், எரு சுமக்கலாம், பெண்கள் வாங்குகிற கூலியை வாங்கிக்கொள்ளலாம். ஏணிக்காரன் வாங்குவதில் அது பாதிகூட வராது.

நர்ஸ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "நீங்க ஏணிய நெனைக்கறீங்க. நான் குப்பாயிய நெனைக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு போனாள்.

கிளியூரில் அவன் வீட்டில், குப்பாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் படுக்கை மாறிப்போயிருந்தது. குப்பாயி ஒரு சுவரோரம், அவன் ஒரு சுவரோரம், நடுவில் மூன்று பெண் பிள்ளைகள். யாரும் இப்படிப் படு என்று சொல்லவில்லை. இருவருக்கும் பயம். முப்பது வயதுக்காரியின் கையைத் தொடக்கூட யோசிக்கும்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு அழுகையாக வரும். பொங்கலன்று பிள்ளைகள் அவர்கள் மாமன் வீட்டில் தங்கிவிட்டார்கள். அன்று ஒரு நாள்தான் இருவரும் பயத்தை மறந்தார்கள்.

அடுத்த மாசம் குப்பாயிக்கு நாள் தள்ளிப்போயிற்று.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், தின்னவில்லை. பெரியவளுக்கு உலை வைக்கக் கற்றுக்கொடுத்தாள். எந்தப் பானையில் கேழ்வரகு, எதில் சாமை என்று காட்டிக்கொடுத்தாள். ஐயாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். ஊருக்குப் போகிறவள்தான் இப்படி ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டுப் போவாள். மரத்தில் நின்றால் கீழே தரை தெரியவில்லை, ஜீப்புதான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஏணியில் அவன் கால் நடுங்கியது. ஆபரேஷன் ஆகாத கால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஓடையிலிருந்து வந்த குப்பாயி, வீட்டுக்கு முன்னாலிருந்த காபிச்செடி மேல் ஒரு பழந்துணியை விரித்துக் காயப்போட்டாள். கசக்கியும் முழுக்கப் போகாத பழுப்புக் கறை. அந்தத் துணியை எந்தப் பெண்ணும் ஆண்பிள்ளை கண்ணில் படும்படி போடமாட்டாள். சேலைக்கு அடியில் ஒளித்துத்தான் உலர்த்துவாள். குப்பாயி வேண்டுமென்றே வெயிலில், அவன் பார்க்கிற பக்கமாக விரித்தாள். விரித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

அவன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதான்.

"எதுக்குங்க அழுவறீங்க? அதான் வந்துருச்சே" என்றாள் அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டே.

மறுநாள் மேஸ்திரி பழனிசாமியிடம் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு அவன் ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். நர்ஸ் சொன்னபடியே ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இரண்டு சின்னத் தையல். "கொஞ்ச நாளைக்கு ஏணி வேண்டாம், சுமை வேண்டாம். உள்ள தேங்கியிருக்கிற விதை தீர மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் இந்த உறையைப் போட்டுக்கங்க. அப்புறம் வந்து பரிசோதனை பண்ணிக்கணும்" என்று நர்ஸ் நிரோத் பொட்டலங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, திருடன் மாதிரி ஒண்டிக்கடையைத் தாண்டினான். கொய்யாப்பழக் கூடையோடு இருந்த சின்னன் கூப்பிட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

காய்ச்சல் தீர்ந்து வேலைக்கு வந்தவன் மீதியிருந்த மிளகையெல்லாம் பறித்தான். சித்திரையில், காபிக்கு நிழல் தரும் மரங்களின் கிளைகளைக் கழிக்கிற வேலை வந்தது. எல்லோரும் தயங்கிய உயர மரத்தில் அவன்தான் ஏறினான். கால் சும்மா பல்லி மாதிரி ஒட்டியது.

ஒருநாள் சோற்று நேரத்தில் பொன்னுவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முகம் சரியில்லை.

"என்ற சம்சாரத்துக்கு நொம்ப முடியலப்பா. சத்தே இல்ல, இன்னொரு புள்ள வேண்டாங்கறாங்க சிஸ்டரு. நான் போலாம்தான். போனா ஏணி போயிருமே."

ஐயாக்கண்ணு கையிலிருந்த சோற்றுருண்டையைக் கீழே வைத்தான். பிறகு சொல்லிவிட்டான். "நான் போயிட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. தெனமும் உன்ற தலைக்கு மேலதான நிக்கறேன்."

பொன்னுவேல் நல்லவன். தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னான். அவள் தைரியம் வந்து அடுத்த வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னாள். இரண்டாம் நாள் காலையில் பேர் கூப்பிடும்போது ஐயாக்கண்ணுவின் பேர் ஆண்கள் பேரோடு வரவில்லை.

"பொம்பளைங்க பக்கம் போய் நில்லு" என்றான் மேஸ்திரி. "சின்னன் விழுந்தது மறந்து போச்சாடா?"

"சின்னன் விழலீங்க மேஸ்திரி. ஏணிதான் ஒடிஞ்சுது. நாந்தான் அடியப் புடிச்சிட்டிருந்தன், பயந்துக்கிட்டு இத்தன நாளா சொல்லல. கணு உளுத்துப் போயிருந்துச்சுங்க. சாயங்காலமே அந்த ஏணிய வெட்டி அடுப்புல வெச்சுட்டீங்க."

மேஸ்திரி, கூலிக் கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்த்தான். ரைட்டர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எஸ்டேட் வெச்ச சட்டம். போ, போய் எருக்கூடையத் தூக்கு."

அன்று சாயங்காலம் ஐயாக்கண்ணுக்குக் கழுத்து திரும்பவில்லை. எருவை நிரப்பிய கூடை தலையில், கீழே மாட்டுப்பட்டியிலிருந்து மேட்டுத் தோட்டம் வரைக்கும் ஏற்றம். ஏணி வேலையில் இறங்கும்போதுதான் பாரம் இருக்கும். இதில் ஏறும்போதே பாரம். "அண்ணனுக்குக் கூடைய நாங்க தூக்கி உடட்டுங்களா?" என்று பெண்கள் சிரித்தார்கள். முதல் வாரம் அவனுக்குக் கோபம் வந்தது. பிறகு அவனும் சேர்ந்து சிரித்தான். கூலி வாங்கும்போது மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாசம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். "இனிமேப்பட்டு பயமில்லீங்க" என்று நர்ஸ் சொன்னதை வீட்டு வாசலில் நின்று குப்பாயியிடம் சொன்னான். அன்று பாய் விரிக்கும்போது பிள்ளைகளின் பாயைச் சுவரோரம் போட்டாள்.

அதற்கப்புறம் அவள் உடம்பு தேறியது. சத்து மாத்திரையும் இருதயத்துக்கான மாத்திரையும் தவறாமல் தின்றாள். கன்னத்தில் சதை பிடித்தது. நர்ஸ் சீட்டுக் கொடுத்ததால் எருக்கூடையை விட்டு, உதிர்ந்த காபிப் பழம் பொறுக்குகிற வேலைக்கு மாறிக்கொண்டாள். மழைக்காலம் வந்தது, போயிற்று. ஜீப்புக்கு வேலை வரவில்லை. பொன்னுவேலும் ஒருநாள் 'காய்ச்சல்' என்று சொல்லியனுப்பினான். திரும்பி வந்தவன், யாரும் சொல்லாமலே பெண்கள் பக்கம் வந்து நின்றான். அடுத்து இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது.

தை பிறந்தது. உயரமான சில்வர் ஓக் மரங்களில் மிளகு பழுத்துச் சிவந்து உதிரத் தொடங்கியது. ஏறுவதற்கு மிஞ்சியிருந்தவர்கள் கிழவர் ஒருவரும் தலைசுற்றுக்காரன் ஒருவனும்தான். மேஸ்திரி இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் காலை, களைக்கொத்தோடு நின்றிருந்த ஐயாக்கண்ணுவிடம் வந்தான்.

"ஏம்ப்பா ஐயாக்கண்ணு, அந்த மேட்டு மரம் மட்டும்... ஏறுவயா?"

"கால்ல புடிப்பு இருக்காதுன்னீங்களே."

"அதெல்லாம் பாத்துக்கலாம். ஏறு."

"புது ஏணி வேணுங்க."

ஐயாக்கண்ணுக்கு மட்டுமல்ல, பொன்னுவேலுக்கும் மற்ற இருவருக்கும் புது ஏணி வந்தது. குப்பாயி பழக்கூடையை வைத்துவிட்டு வந்து அடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏறினான். உச்சியில் நின்றபோது, கீழே அண்ணாந்து பார்க்கும் அவள் முகம் தெரிந்தது. ஜீப்பு தெரியவில்லை. கொத்துக் கொத்தாகப் பறித்துப் பைக்குள் போட்டான். பக்கத்து மரத்தில் பொன்னுவேல் சீட்டியடித்தான்.

சனிக்கிழமை ஆபீஸ் ஜன்னலில் கூலி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஐயாக்கண்ணு வேலை முடிந்த கையோடு, ஏணியைத் தோளில் வைத்தபடி ஆண்கள் வரிசையில் நின்றான். ரைட்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன்ற பேரு அந்தப் பக்கம்தான் இருக்குது. எஸ்டேட் தொரை இன்னும் மாத்தச் சொல்லல."

"வாரம் முழுக்க ஏணியிலதானுங்க நின்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? பேரு அங்க இருக்குதே."

குப்பாயி பெண்கள் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மூச்சிரைக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏனுங்க, நீங்க ஆபரேசன் பண்ணிக்கிட்டீங்கன்னு பொம்பளக்கூலி போட்டாங்க. நானு என்னத்தப் பண்ணிக்கிட்டன்னு எனக்கு இத்தன வருசமா பொம்பளக்கூலி?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரைட்டர் பேனாவின் மூடியைத் திருகினார்.

ஐயாக்கண்ணு தோளிலிருந்த ஏணியை ஆபீஸ் சுவரில், ஜன்னலை ஒட்டினாற்போல் சாத்தி வைத்தான். "ஏணி இனி இங்கயே இருக்கட்டுங்க" என்றான். கைகளில் மிளகுக் காரம் எரிந்தது. போய்க் குப்பாயிக்குப் பின்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் பொன்னுவேலும், அவனுக்குப் பின்னால் இன்னும் இருவரும் தங்கள் தங்கள் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றார்கள். ஆண்கள் வரிசையில் கிழவரும் தலைசுற்றுக்காரனும் மட்டும் நின்றார்கள்.