மாமா வாயைத் திறந்தார்

அக்காவின் போன் வந்தபோது பல் டாக்டர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இடுக்கியை எடுத்துக்கிட்டு ஓடி வாடீ. மாமா வாயில எதுவோ மாட்டியிருக்கு."

"எந்த மாமா?"

"மீன் மாமா!"

அக்காவுக்கு மீன் காட்சியகத்தில் வேலை. அங்கே பெரிய தொட்டியில் ஆள் நீளத்துக்கு ஒரு களவா மீன் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பேர் போடாமல் விட்டதற்குக் கோபித்துக்கொண்ட தாய்மாமனைப்போல எந்நேரமும் உம்மென்றிருப்பதால் எல்லோருக்கும் அது மாமா. சில நாளாக மாமா இரையைத் தொடவில்லை.

அக்காவும் தங்கையும் மார்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். மாமாவின் வாய் பூட்டிய பெட்டிபோல இறுகிக் கிடந்தது. டாக்டர் எத்தனை முறை முங்கியும் பயனில்லை.

"வழக்கமா யார்கிட்டதான் வாயைத் திறப்பாரு?"

"இறால்கிட்ட. செவப்புப் பட்டை போட்ட குட்டி இறால். உள்ள போய்ப் பல்லிடுக்குல இருக்கறதை நோண்டித் தின்னும். அதுக்குச் சாப்பாடு, இவருக்குச் சுத்தம். போன வாரந்தான் அதுங்களை வேற தொட்டிக்கு..." அக்காவின் நாக்கு பாதியில் நின்றது.

"அடிப்பாவி! கொண்டா, கொண்டா!"

இறால்கள் இரண்டும் தொட்டிக்குள் இருந்த பாறையில் கால் வைத்ததுதான் தாமதம், வெள்ளை மீசையை ஆட்டி ஆட்டி ஆடத் தொடங்கின. மாமா சொக்கிப்போய் மிதந்து வந்தார். வாயைத் திறந்தார். அப்பப்பா, குகை! தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகளைப்போல இறால்கள் தாராளமாக உள்ளே நடந்தன. தொண்டையோரம் குறுக்கே ஒரு முள். இழுத்துப் பார்த்தன. அசையவில்லை.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறால் மீசைகளுக்கு நடுவே இடுக்கியை நுழைத்தாள். மாமாவின் கண் உருண்டு அவளைப் பார்த்தது. ஒரு திருகு, முள் வந்துவிட்டது!

மாமாவின் உடம்பு சிலிர்த்தது. அக்கா அவள் முழங்கையை வெடுக்கென்று இழுத்தாள். இறால்கள் வெளியே குதித்தன. டப்! வாய் மூடிக்கொண்டது.

"சிலிர்த்தா, போதும் வெளிய போங்கன்னு அர்த்தம்!"

"முன்னாடியே சொல்ல மாட்டியா!" டாக்டர் விரல்களை எண்ணிப் பார்த்துக் குதித்தாள். "இருக்கு! எல்லாம் இருக்கு!"

அக்கா வீசிய கணவாய் மீனை மாமா ஒரே வாயில் விழுங்கினார். அவருக்குக் கைதட்டிவிட்டுப் பாறையில் சாய்ந்த டாக்டரின் விரலில் ஓர் இறால் ஏறி நகக்கண்ணை நோண்டியது. கூச்சம் தாங்கவில்லை. சட்டென்று ஓர் ஆசை. முங்கி, பல்லை இளித்துக் காட்டினாள். இறால் உதட்டில் ஏறி, முன்பல்லில் வேலையைத் தொடங்கியது. சிரிப்பு பீறிட்டு, உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே வந்தாள்.

"அக்கா! என்ன கை அதுக்கு! துளி வலியில்ல!"

"நகரு, அடுத்தது நான்."

"எனக்கு இன்னும் முடியலை!"

இருவரும் சிரித்துக்கொண்டே முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். முதுகில் ஏதோ கனமாக முட்டியது. திரும்பினார்கள்.

மாமா, வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நின்றார்.